ஸ்டெபிலைசர் லிங்க் வாங்கும் முன் பழையதைக் கழற்றி அளந்து பாருங்கள்

உதிரிபாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லாயிருக்கும்?" என்றுதான். வேறு சாமான்களுக்கு அது நியாயமான கேள்வியாக இருக்கலாம். ஸ்டெபிலைசர் லிங்க் விஷயத்தில் அது கடைசிக் கேள்வி. ஸ்டட் (முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டு) எந்தப் பக்கம் பார்க்கிறது, நீளம் எவ்வளவு, மரை என்ன, ரப்பர் பூட் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் பெட்டியின் மேல் யார் பெயர் அச்சடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதனால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "பழசைக் கழற்றிக் கொண்டுவந்தீங்களா?" பெரும்பாலும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். போனில் ஒரு போட்டோ இருக்கும். அதில் சேறும் டயரும்தான் தெரியும்.

அது என்ன வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் அடியில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் குறுக்கே ஒரு வளைந்த ஸ்டீல் கம்பி ஓடும். அதுதான் ஸ்டெபிலைசர் பார். வண்டி வளைவில் திரும்பும்போது பாடி வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். அப்போது கம்பி முறுக்கிக்கொண்டு அந்தச் சாய்வை எதிர்க்கும். கம்பியின் முனையை ஸ்ட்ரட்டோடோ (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) லோயர் ஆர்மோடோ (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) இணைக்கிற சின்னத் தண்டுதான் லிங்க். பெரும்பாலும் அதன் இரு முனையிலும் ஒரு பால் ஜாயின்ட் இருக்கும்: கிண்ணம் போன்ற இருக்கைக்குள் ஒரு பந்து, பந்திலிருந்து நீளும் ஸ்டட், பந்தை மூடும் ரப்பர் பூட். கேட்டலாக்கில் இதற்குப் பல பெயர்கள்: ஸ்வே பார் லிங்க், ஆன்டி ரோல் பார் லிங்க், டிராப் லிங்க். தேடும்போது எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள், சாமான் ஒன்றேதான். ஆனால் சில கார்களில் சஸ்பென்ஷன் ஆர்மில் பென்சில் கனத்தில் ஒரு குட்டித் தண்டு இருக்கும். அது ஹெட்லைட் உயரத்தைச் சரிசெய்யும் சென்சாருக்கானது. "லிங்க்" என்று தேடினால் அதுவும் வந்து நிற்கும். அதை வாங்கிவிடாதீர்கள்.

உண்மையிலேயே லிங்க்தான் போயிருக்கிறதா?

வாங்குவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பக்கத்திலிருந்து "டொக் டொக்" என்று சத்தம் வந்தாலே லிங்க் என்று முடிவுகட்டும் வழக்கம் இருக்கிறது. பாதி நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் அதே இடத்தில் அதே மாதிரிச் சத்தம் போட லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ் (ஆர்மைத் தாங்கும் ரப்பர் உருளை), ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், ஸ்டெபிலைசர் பாரைச் சேஸிஸில் பிடிக்கும் புஷ், ஏன், பிரேக் காலிப்பரில் தளர்ந்த பேட்கூடக் காத்திருக்கிறது.

பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு. அகலமான வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராக, மெதுவாக ஏற்றுங்கள். அப்புறம் அதே வேகத்தடையில் குறுக்காக, ஒரு சக்கரம் முதலிலும் மற்றது பிறகும் ஏறும்படி ஓட்டுங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் பார் தன் புஷ்களுக்குள் சும்மா சுழலும். முறுக்கம் இல்லை, லிங்கில் பெரிய பாரமும் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் பார் முறுக்கி லிங்கை இழுக்கும், தள்ளும். நேராக ஏற்றும்போது அமைதி, குறுக்கே ஏற்றும்போது டொக் என்றால் சந்தேகம் லிங்கின் மேலும் பாரின் புஷ் மேலும்தான். இரண்டு விதத்திலும் ஒரே மாதிரி அடித்தால் ஸ்ட்ரட் மவுன்டையும் பால் ஜாயின்டையும் முதலில் பாருங்கள்.

கையால் சோதிக்கும்போது எல்லோரும் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்கை ஆட்டிப் பார்ப்பார்கள். "ஆட்டமே இல்லையே" என்பார்கள். இருக்காதுதான். ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் தரையில் இருக்கும்போது பார் முறுக்கி நின்று லிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும். உள்ளே பந்து ஒரு ஓரத்தில் அழுந்திக் கிடப்பதால் தேய்மானம் வெளியே தெரியாது. வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க வேண்டும், அல்லது முன்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தூக்கியிருக்க வேண்டும். அப்போது லிங்கைக் கையால் பிடித்து அதன் நீளவாக்கில் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். "க்ளக்" என்று விரலுக்குத் தெரிந்தால் போய்விட்டது. லிங்க் தன் அச்சில் கொஞ்சம் திரும்புவது பழுதில்லை. பந்து அப்படித் திரும்பத்தான் செய்யும். தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல லிங்கைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

இன்னும் சந்தேகமென்றால் இரண்டு லிங்கையும் கழற்றிவிட்டு, பார் டயரிலோ பிரேக் ஹோஸிலோ டிரைவ் ஷாஃப்ட்டின் பூட்டிலோ இடிக்காதபடி நன்றாகக் கட்டிவிட்டு, நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் நின்றுவிட்டால் பதில் கிடைத்துவிட்டது. அந்த நிலையில் வேகமாகப் போகக் கூடாது, வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும்.

வண்டிப் பெயர் மட்டும் போதாது

"இன்ன மாடல், இன்ன வருஷம்" என்று சொன்னால் கம்ப்யூட்டர் நான்கு லிங்கைக் காட்டும். ஏனென்றால் ஒரே மாடலில் ஸ்போர்ட் சஸ்பென்ஷன் ஒன்று, சாதாரணம் ஒன்று, பாரம் தாங்கும் வகை ஒன்று என்று இருக்கும். வருஷத்தின் நடுவில் கம்பெனி டிசைனை மாற்றியிருக்கும். முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு. சில கார்களில் இடதும் வலதும் ஒன்றே, சிலவற்றில் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிர். ஆகவே 17 எழுத்து கொண்ட சேஸிஸ் நம்பரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அதிலிருந்து கிடைக்கும் கார் கம்பெனியின் பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றக் கம்பெனி லிங்குகளை அந்த நம்பரை வைத்தே ஒப்பிடலாம். பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மாறியிருந்தால் பெரும்பாலும் பழையதற்குப் பதிலாக வந்த புதிய பதிப்பாக இருக்கும். அதையும் உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள்.

இவ்வளவு செய்தும் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. முந்தைய உரிமையாளர் ஸ்ட்ரட்டை மாற்றியிருப்பார். ஸ்ட்ரட்டில் லிங்க் மாட்டுகிற பிராக்கெட் எந்த உயரத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் லிங்கின் நீளம். வேறொரு வகை ஸ்ட்ரட் வந்து உட்கார்ந்திருந்தால் சேஸிஸ் நம்பர் சொல்லும் லிங்க் பொருந்தாது. அதே போல வண்டியைத் தாழ்த்தியிருந்தாலோ உயர்த்தியிருந்தாலோ கேட்டலாக் உதவாது. அதனால்தான் பழசைக் கேட்கிறேன்.

அளக்கும் விதம்

நீளம் என்பது நுனிக்கு நுனி அல்ல, ஒரு பந்தின் நடுவிலிருந்து மறு பந்தின் நடு வரை. நடுப்புள்ளியைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். இரண்டு ஸ்டட்டும் ஒரே கனம், ஒரே திசை என்றால் சுலபமான வழி இருக்கிறது: ஒரு ஸ்டட்டின் இடது ஓரத்திலிருந்து அடுத்த ஸ்டட்டின் இடது ஓரம் வரை அளந்தால் அதுவே நடுவுக்கு நடு நீளம். ஸ்டட் இரண்டையும் நேராக நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் பல மி.மீ. தப்பிவிடும். இரண்டு பக்கத்து லிங்கையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று வளைந்து போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

புது லிங்க் இரண்டும் பழையதிலிருந்து ஒரே அளவில் ஒன்றிரண்டு மி.மீ. மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். இடதும் வலதும் வேறுவேறு நீளமாக இருப்பதுதான் தப்பு. வண்டி சும்மா நிற்கும்போதே பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் திரும்பினால் ஒரு மாதிரியும் மறுபக்கம் திரும்பினால் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

அடுத்தது ஸ்டட் பார்க்கும் திசை. இதில் தவறித்தான் அதிக லிங்குகள் கடைக்குத் திரும்பி வருகின்றன. லிங்கை நேராகப் பிடித்தால் மேல் ஸ்டட்டும் கீழ் ஸ்டட்டும் ஒரே பக்கம் பார்க்கலாம், எதிரெதிர்ப் பக்கம் பார்க்கலாம், ஒன்றுக்கொன்று 90 டிகிரியிலும் இருக்கலாம். போட்டோவில் ஒரே பக்கமிருந்து எடுத்திருந்தால் வித்தியாசம் தெரியாது. 90 டிகிரி வகையில் இடதும் வலதும் மாறினால் ஏறவே ஏறாது. பழசையும் புதுசையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்ப்பதற்கு மிஞ்சிய சோதனை கிடையாது.

மரை. பெரும்பாலான லிங்குகளில் எம்10 அல்லது எம்12, அதாவது 10 அல்லது 12 மி.மீ. கனம். பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், 1.25, 1.5, 1.75 மி.மீ. என்று மாறும். எம்10-இல் 1.25-க்கும் 1.5-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய நட்டைப் புதியதில் போட்டால் முதல் இரண்டு மரை பிடித்துவிடும், மூன்றாவதில் கடிக்கும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனர் போட்டால் மரை போச்சு. ஸ்கேலை வைத்துப் பத்து மரை எண்ணி அளந்து பாருங்கள்: 12.5 மி.மீ. வந்தால் 1.25, 15 மி.மீ. வந்தால் 1.5. இதற்குத் தனிக் கருவிகூடத் தேவையில்லை.

எம்12-க்கான ஓட்டையில் எம்10 ஸ்டட் எந்தத் தடையுமில்லாமல் நுழையும். நட்டும் இறுகும். வண்டி கிளம்பும். கொஞ்ச நாளில் ஸ்டட் ஓட்டைக்குள் நகர்ந்து பழைய டொக் மறுபடி கேட்கும், பாரின் ஓட்டையும் முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும். நுழைந்துவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்டட்டின் கழுத்து நேராக இருக்கிறதா, கூம்பாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூம்பு ஓட்டையில் நேர்க் கழுத்து ஸ்டட் ஒருநாளும் கெட்டியாக உட்காராது.

எல்லாம் ரப்பர் பூட்டில் இருக்கிறது

கையில் கனமான தண்டு வந்தால் மக்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. பிளாஸ்டிக் தண்டோடு வரும் லிங்கைக் காட்டினால் முகம் சுளிக்கிறார்கள். நேரான லிங்கில் வருகிற விசை நீளவாக்கில் இழுப்பும் தள்ளுதலும் மட்டுமே. அதற்குக் கண்ணாடி இழை கலந்த நைலான் தண்டு தாராளமாகத் தாங்கும், துருவும் பிடிக்காது. பல கார்களில் கம்பெனியிலிருந்தே அதுதான் வருகிறது. உங்கள் வண்டியில் முதலில் இருந்தது பிளாஸ்டிக் என்றால் அதே வகையைத் தயக்கமில்லாமல் போடலாம். தண்டின் கனம் நிஜமாகவே முக்கியமாவது வளைந்த லிங்கில். டிரைவ் ஷாஃப்ட்டையோ டயரையோ விட்டு விலகுவதற்காக வளைத்திருப்பார்கள், அங்கே தண்டை மடக்கப் பார்க்கும் விசையும் சேரும். அதில் மெலிந்த நகலை வாங்காதீர்கள்.

தண்டு உடைந்து கவுண்டருக்கு வரும் லிங்க் அபூர்வம். வருகிறவை எல்லாம் பந்து தளர்ந்தவை. பந்து தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் பூட் கிழிந்ததுதான். ரப்பர் கிழிந்ததும் கிரீஸ் வெளியேறும், தண்ணீரும் மணலும் உள்ளே போகும், பந்தும் அதன் இருக்கையும் அரைபடும். ஆகவே புது லிங்கைக் கையிலெடுத்ததும் பூட்டை அமுக்கிப் பாருங்கள். மேலும் கீழும் வளையம் ரப்பரைச் சரியாகப் பிடித்திருக்கிறதா? ஓரத்தில் கிரீஸ் கசிந்திருக்கிறதா? ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அது எத்தனையோ காலம் அலமாரியில் கிடந்த சரக்கு. பெட்டி புதிதாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு ஸ்டட்டை விரலால் சுழற்றுங்கள். புது பால் ஜாயின்ட் கொஞ்சம் விறைப்பாக, எல்லாத் திசையிலும் ஒரே சீராக நகர வேண்டும். ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தொளதொளவென்று விழுந்தால் எனக்குப் பிடிக்காது. ஜோடியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே விறைப்பில் இருக்க வேண்டும்.

கிரீஸ் நிப்பிள் உள்ளது நல்லதா, சீல் செய்தது நல்லதா என்பது நிரந்தர வாதம். என் பதில் வண்டியைவிட வண்டிக்காரரைப் பொறுத்தது. ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு அடியில் படுக்கிறவர் நிப்பிள் உள்ளதை வாங்கலாம். அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதிது உள்ளே போகும், ஆயுள் கூடும். மற்றவர்களுக்கு நல்ல சீல் செய்த லிங்க் போதும். நிப்பிள் வைத்துவிட்டுக் கிரீஸே போடாமல் இருப்பதில் எந்த லாபமும் இல்லை. வாங்கும் முன் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். வண்டியில் மாட்டிய பிறகு ஸ்ட்ரட்டை உரசி நின்றால் கிரீஸ் கன் அங்கே போகாது. கிரீஸ் போடும்போது பூட் லேசாக உப்பத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். பிதுங்குகிற வரை அடித்தால் நீங்களே பூட்டைக் கிழித்தவர் ஆகிவிடுவீர்கள்.

இன்னொன்று, கடையில் யாரும் கவனிக்காதது. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கூடவே சுழலாமல் பிடிக்க எதைக் கொடுத்திருக்கிறார்கள்? சிலவற்றில் ஸ்டட்டின் நுனியில் ஆலன் கீ போடும் குழி மட்டும் இருக்கும். சிலவற்றில் பூட்டுக்குப் பின்னால் மெலிந்த ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான முகப்பும் இருக்கும். இரண்டும் ஒரே தரமென்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். துருப்பிடித்த நட்டைக் கழற்றும் நாளில் ஆலன் குழி உருண்டையாகிவிடும், பிறகு கிரைண்டர்தான். முகப்பு உள்ள லிங்க் அந்த நாளில் உங்களுக்கு ஒரு மதியத்தை மிச்சப்படுத்தும். கூடவே புது நட்டு வருகிறதா என்றும் பாருங்கள். நைலான் வளையம் உள்ள லாக் நட்டு ஒருமுறை இறுக்கிக் கழற்றியதும் தன் பிடியை இழந்துவிடும். பழையதை மறுபடி போட வேண்டாம்.

நீள போல்ட் வகை

எல்லா லிங்கிலும் பந்து இருக்காது. பழைய டிசைன்களிலும் சில பிக்கப்களிலும் ஒரு நீள போல்ட், நடுவில் குழல், மேலும் கீழுமாக நான்கு ரப்பர் புஷ், கிண்ண வாஷர்கள் என்று ஒரு செட்டாக வரும். இங்கே அளக்க வேண்டியது போல்ட்டின் நீளத்தைவிட நடுக் குழலின் நீளம். ஆர்முக்கும் பாருக்கும் இடையே உள்ள தூரத்தை அதுதான் முடிவுசெய்கிறது. மாட்டும் வரிசை: வாஷர், புஷ், ஆர்ம், புஷ், வாஷர், குழல், வாஷர், புஷ், பார், புஷ், வாஷர், நட்டு. கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேன் புஷ்ஷா? பாலியூரித்தேன் கெட்டியானது. ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி உடனே பதில் சொல்வது போலத் தெரியும். எண்ணெய்க்கும் வெயிலுக்கும் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் உரிய சிலிகான் கிரீஸ் போடாமல் மாட்டினால் கீச்சிடும். தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு நான் ரப்பரையே சொல்வேன். எதுவானாலும் புஷ் வாஷரின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்குகிற அளவுக்கு இறுக்காதீர்கள். அதிகமாக நசுங்கிய புஷ் அசைய இடமில்லாமல் கிழிந்துவிடும்.

நீளம் மாற்றக்கூடிய லிங்க் யாருக்கு?

இரண்டு முனையிலும் ராட் எண்ட் (வளையத்துக்குள் பந்து சுழலும் மூட்டு), நடுவில் திருகி நீட்டவும் குறைக்கவும் கூடிய தண்டு. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், வாங்கச் சொல்லிக் கை அரிக்கும். இது தேவைப்படுவது இரண்டு சந்தர்ப்பத்தில். வண்டியின் உயரத்தை மாற்றியிருந்தால் பழைய நீளத்தில் பாரின் கை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ விழுந்து நிற்கும். லிங்கை நீட்டியோ குறைத்தோ, வண்டி தரையில் நிற்கும்போது லிங்கும் பாரின் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் வரும்படி வைக்க வேண்டும். தாழ்த்திய வண்டிக்குக் குட்டை லிங்க், உயர்த்திய வண்டிக்கு நீள லிங்க் என்பது பொதுவான போக்கு. இரண்டாவது, பந்தய ஓட்டத்துக்காக நான்கு சக்கரத்தின் பாரத்தையும் தராசில் வைத்துச் சரிசெய்கிறவர்கள். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் பாரில் முறுக்கமே இல்லாதபடி அவர்கள் நீளத்தை வைப்பார்கள்.

இந்த இரண்டிலும் நீங்கள் இல்லையென்றால் வேண்டாம். ராட் எண்டுக்குப் பெரும்பாலும் பூட் கிடையாது. மணலும் மழையும் நேராக உள்ளே போகும், சீக்கிரமே லொட லொட என்று ஆடத் தொடங்கும். சத்தத்தை ஒழிக்க லிங்க் மாற்ற வந்தவர் சத்தம் போடுகிற லிங்கை வாங்கிக்கொண்டு போவானேன்?

தடிமனான ஸ்டெபிலைசர் பார் போட்டவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். திடமான கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பாருக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடும். அந்தக் கூடுதல் பாரம் முழுவதும் லிங்கின் வழியாகத்தான் போகிறது. முன்பு நன்றாக உழைத்த சாதாரண லிங்க் அங்கே சீக்கிரம் களைத்துப்போகும். பாரோடு சேர்த்து அதே தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் லிங்கையே வாங்குங்கள்.

டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ் போல ஹைட்ராலிக் முறையில் இயங்கும் ஸ்டெபிலைசர் உள்ள வண்டிகளில் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு கை வைக்காதீர்கள். அதற்கென்று சர்வீஸ் முறை தனியாக இருக்கிறது.

இப்போது கம்பெனிப் பெயர்

லெம்ஃபோர்டர் ஜெர்மனியின் இசட்எஃப் குழுமத்தைச் சேர்ந்தது, ஐரோப்பியக் கார் தொழிற்சாலைகளுக்கே சஸ்பென்ஷன் பாகம் கொடுப்பது. டிஆர்டபிள்யூவும் 2015-இல் அதே குழுமத்துக்குள் வந்துவிட்டது. கொரிய வண்டிகளுக்கு சிடிஆர், ஜப்பானிய வண்டிகளுக்கு 555 என்று கேட்டு வாங்குகிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். மெய்லேவின் எச்டி வரிசை மூலப் பாகத்தைவிடப் பலமாகச் செய்யப்பட்டது என்று சொல்லி 4 வருட உத்தரவாதத்தோடு வருகிறது. கார் கம்பெனியின் பெட்டியில் வருவதும் அதைச் செய்துகொடுத்த தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வருவதும் பல நேரம் ஒரே லிங்க்தான். சிலவற்றில் கார் கம்பெனியின் முத்திரையை மட்டும் இழைத்து எடுத்திருப்பது கையில் தடவினாலே தெரியும்.

பெயருள்ள கம்பெனிக்கெல்லாம் போலியும் உண்டு. பெட்டியில் உள்ள நம்பரும் லிங்கின் உடம்பில் பொறித்த நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். உடம்பில் எந்த எழுத்துமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஜோடியில் இரண்டும் ஒரே எடை, ஒரே பூச்சு, ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும்.

ஜோடியாகவே வாங்குங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே சாலையில் அதே தூரம் ஓடியதுதான். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்த மாதம் மற்றதற்காக மறுபடி வீலைக் கழற்றுவது வீண் வேலை. வண்டியின் அடியில் இருக்கும்போதே பாரின் புஷ்களையும் பாருங்கள். வெடித்திருந்தால் அவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். புது லிங்க் போட்டும் சத்தம் போகவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குக் குற்றவாளி அந்த புஷ்தான்.

மாட்டும்போது

விரிவாகச் சொல்லப் போவதில்லை, புது லிங்கைக் கெடுக்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கி நிற்கும், ஓட்டை நேருக்கு நேர் வராது, ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்து நுழைக்கத் தோன்றும். பழைய நட்டின் மரையை முதல் நாளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கிரைண்டர் தேவைப்பட்டால் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், டிரைவ் ஷாஃப்ட் பூட் மூன்றையும் மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

புது நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்காதீர்கள். ஸ்டட் அதிவேகத்தில் சுழன்று பந்தின் இருக்கையைச் சூடாக்கும், பூட்டை முறுக்கிக் கிழிக்கும். மாட்டிய அன்றே லிங்கின் ஆயுள் பாதியாகிவிடும். கையால், ஸ்டட்டைப் பிடித்துக்கொண்டு, டார்க் ரெஞ்ச்சில் முடியுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எம்10-க்கும் எம்12-க்கும் அளவு வேறு, ஊகித்து இறுக்க வேண்டாம். லிங்கின் முனை வளையத்தில் ரப்பர் புஷ் உள்ள வகையென்றால் வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே வேலை செய்யும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, லிங்க் ஹோஸிலோ ஒயரிலோ உரசுகிறதா என்று பாருங்கள். சில நாள் ஓட்டிய பிறகு நட்டை மறுபடி ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். மாற்றிய பிறகும் டொக் என்று கேட்டால் லிங்கைத் திட்டுவதற்கு முன் அந்த நட்டைத்தான் பார்க்க வேண்டும்.

லிங்க் மாற்றியதற்காக வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டியதில்லை. சக்கரத்தின் கோணங்களான டோ, கேம்பர் எதையும் அது தொடுவதில்லை. யாராவது கட்டாயம் என்று பில்லில் சேர்த்தால், எதற்காக என்று கேளுங்கள். ஸ்ட்ரட்டையோ ஆர்மையோ கழற்றியிருந்தால் மட்டுமே அது நியாயம்.